விரதம் இருந்து கொழுத்த மீன்

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லாருடைய கஷ்டமும் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்த்து வைத்தது ஒரு மீன். அதுவும் சாப்பிடாத மீன்.

நம்பிக்கை இல்லையென்றால் அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். விடிந்தும் விடியாததுமாக வந்து நிற்பார்கள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, என் மனைவியின் பல் மருத்துவமனை வாசல்படி வரைக்கும் வரிசை நீளும். பல் பிடுங்க வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் வலியோடு வீடு திரும்பினார்கள். சிலர் வரிசை மாறி நின்றுவிட்டு, பல்லையும் வைத்துக்கொண்டு மீனையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வரிசையின் மறுமுனையில், ஒரு கூடத்தில், நீர்ஞானி என்று பெயர் வைத்துக்கொண்டவர் உட்கார்ந்திருப்பார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கடல்நீல அங்கி. கீழே முழங்கால் உயர வெள்ளை ரப்பர் பூட்ஸ். ஞானிக்கு பூட்ஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்தக் கூடத்தின் முதல் விதி. ஞானி ஆவதற்கு முன்னால் அவர் ஜன்னலுக்குத் திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். துணி போட்டு மறைக்கும் வித்தை அவருக்கு நன்றாகவே வந்தது.

அவருடைய முறை எளிமையானது. உங்கள் வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வரும். அதில் விரல் நீளத்தில் ஒன்பது குட்டி மீன்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கஷ்டம் ஒன்றின் பெயரை நீங்களே வைக்க வேண்டும். தொட்டியின் அடியில், ஒரு மண்குழாய்க்குள், பெரிய மீசையோடு ஒரு கெளுத்தி படுத்திருக்கும். அதுதான் காவலர். காவலர் பகலெல்லாம் அசைய மாட்டார். இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் விரதத்தில் இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். விடியும்வரை எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் போன கஷ்டம் தன் அண்ணன் தம்பிகளோடு திரும்பி வரும்.

காலையில் துணியை எடுத்தால் ஒரு மீன் இருக்காது. கஷ்டம் கரைந்துவிட்டது!

மருந்துக் கடைக்காரர் மனைவி ஒரு மீனுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தார். அவருடைய மாமியார் தனியாக ஒரு தொட்டி வாங்கி, ஒரு மீனுக்கு ‘மருமகள்’ என்று பெயர் வைத்தார். இரண்டும் ஒரே வாரத்தில் கரைந்தன. இரண்டு பேரும் இன்றைக்கும் அதே வீட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு இருவரும் தனித்தனியாக நீர்ஞானிக்கு நன்றி சொல்லப் போனார்கள். ஒன்பதும் கரைந்த பிறகு? மனிதனுக்குக் கஷ்டத்துக்கா பஞ்சம்? புதுக் கஷ்டம், புது மீன்.

இதில் எல்லாரையும் மெய்சிலிர்க்க வைத்தது காவலரின் விரதம்தான். “ஒரு பருக்கை தொடலங்க! ஆனா உடம்பைப் பாருங்க, என்ன மினுமினுப்பு! வந்தப்போ இவ்வளவுதான் இருந்தார். இப்போ ரெண்டு மடங்கு!” என்று கைகளை அகல விரித்துக் காட்டுவார்கள். சாப்பிடாத ஒன்று எப்படிப் பருக்கும், பக்கத்தில் இருந்த சின்னவை எங்கே போயின? இந்த இரண்டு கேள்விகளும் ஒரே தொட்டிக்குள்தான் இருந்தன. ஆனால் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

என் மனைவி மட்டும் சிரித்தாள். அவள் தன் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு கெளுத்தி வளர்த்தாள். சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி, அதில் அது ஒன்றே ஒன்று. நோயாளிகள் அதற்கு ‘பெரிய டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “இவ்வளவு பெரிய தொட்டியில ஒண்ணுதானா? ஜோடி போடக் கூடாதா?” என்று யாராவது கேட்டால், “வாயைத் திறங்க” என்பாள். அவர் திறப்பார். பல்லைப் பார்த்துக்கொண்டே, “உங்க வாய்க்குள்ள எது நுழையுமோ அது உங்களுக்குச் சாப்பாடு. அதோட வாயைப் பார்த்தீங்களா? தலையே வாய்தான்” என்பாள். பதில் சொல்ல அவரால் முடியாது. வாயில் பல் பார்க்கும் கண்ணாடி இருக்கும்.

இந்தக் கூத்தைத் தூர நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவளுடைய தம்பி நடுவில் வந்து மாட்டினான்.

மைத்துனனுக்கு டயர் கடை. லாரி டயரைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிறவன். தூக்கித் தூக்கி அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்துவிட்டது. குடலிறக்கம். அறுவை சிகிச்சை நிபுணர் படம் வரைந்தே காட்டினார். “குடல் அந்த ஓட்டையில மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் முடியறவரைக்கும் எதையும் தூக்காதீங்க. பலமா இருமாதீங்க, சிரிக்காதீங்க” என்று சொல்லி ஒரு தேதியும் கொடுத்தார்.

தேதிக்கு முன்னால் தொட்டி வந்துவிட்டது. அவன் ஒரு குட்டி மீனுக்கு ‘வயிறு’ என்று பெயர் வைத்தான். மறுநாளே அது கரைந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, “உங்களுக்குச் சிரமம் வேண்டாம் சார், மீன் பார்த்துக்கிச்சு” என்று சொல்லிவிட்டான்.

சில நாள் கழித்துச் செய்தி எங்கள் காதுக்கு வந்ததும் நாங்கள் இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

“வா அக்கா. வாங்க மாமா. பாருங்க, சுத்தமா வலி இல்ல.”

“அப்புறம் கையை எதுக்குடா அங்க வெச்சிருக்கே?”

“அது பழக்கதோஷம்.”

தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சமையல் மேடைமேல் வைக்கும் அளவுக்குச் சின்னத் தொட்டி. அதன் அடியில் மூன்று கெளுத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் கலங்கி, மூடியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“மூணாடா வெச்சிருக்கே?”

“நாலுக்கா. மிச்சக் கஷ்டத்துக்கு ஒரு காவலரோட தவம் பத்தலைன்னு ஐயா சொன்னார். இன்னும் மூணு பேர் வாங்கினேன். அதுல சின்னவர் முந்தாநாள் முக்தி அடைஞ்சிட்டார்.”

“எப்படித் தெரியும்?”

“காலைல துணியை எடுத்தா ஆளைக் காணோம். உடம்போட போயிட்டார்!” அவன் கண்கள் ஈரமாயின.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்துவிடுவோமோ என்ற பயம்.

“தம்பி, முக்தி அடைஞ்சவர் இப்போ பக்கத்துல இருக்கிறவர் வயித்துக்குள்ள இருக்கார். இதெல்லாம் குட்டிடா. வளர்ந்தா ஒவ்வொண்ணும் உன் கை நீளம் வரும். வாங்கும்போது இருக்கிற அளவைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது, வளர்ந்தா வர்ற அளவைப் பார்க்கணும். அடியில படுத்து வேட்டையாடுற மீன் இது. பெரிய தொட்டிக்கே ஒண்ணு போதும். நீ பெட்டிக்குள்ள நாலு புலியை அடைச்சு வெச்சு, கூட ஒன்பது முயலையும் விட்டிருக்கே. கேட்டா கஷ்டம் கரைஞ்சிடுச்சுங்கிறே. கரையறதுக்கு அது என்ன சர்க்கரையா?”

“நீ எல்லாத்தையும் வாயாலேயே பார்க்கிறே அக்கா. பல் டாக்டர் இல்ல?”

மறுநாள் அவள் தன் மருத்துவமனையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தடுப்பை எடுத்து வந்தாள். சல்லடை போல ஓட்டைகள் உள்ள தகடு. அதைத் தொட்டிக்கு நடுவில் செருகினாள். இந்தப் பக்கம் காவலர்கள், அந்தப் பக்கம் மிச்சமிருந்த குட்டிகள். அந்த வாரம் முழுக்க ஒரு கஷ்டம்கூடக் கரையவில்லை.

மைத்துனன் யோசிப்பான் என்று நினைத்தோம். யோசித்தான். யோசித்துவிட்டு நீர்ஞானியிடம் போய்க் கேட்டான். அவர் கண்ணை மூடி, “வீட்டுக்குள்ள சந்தேகம் நுழைஞ்சிடுச்சு. ரத்த உறவு வழியா வந்திருக்கு” என்றார். அவன் தடுப்பைத் துடைத்து, பத்திரமாக அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கூடவே ஒரு நற்செய்தியும் சொன்னான். வரும் ஞாயிற்றுக்கிழமை, பெரிய வாடகைக் கூடத்தில், பட்டப்பகலில், பெருந்தெளிவு நிகழ்ச்சி. ஏழு காவலர்கள் ஒரே தொட்டியில் அமர்ந்து ஊரின் ஒன்பது கஷ்டங்களைக் கரைக்கப் போகிறார்கள். சந்தேகம் நுழைந்ததால் திரும்பி வந்திருக்குமோ என்று மறுபடி பெயர் வைத்த ‘வயிறு’ம் அதில் ஒன்று. அதற்காக ஏழு பேரும் கடும் விரதத்தில் இருக்கிறார்கள். கரைந்து முடிந்ததும் வாழும் சாட்சியாக மைத்துனன் மேடையேறி, லாரி டயர் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், “என்னங்க, அவன் டயரைத் தூக்கினா செத்துடுவான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. மேடை நடுவில் தொட்டி. அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட டயர். நோய்வாய்ப்பட்டவனைவிட டயருக்கு மரியாதை அதிகம். தொட்டியின் அடியில் ஏழு கெளுத்திகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மிகப் பெரியது. தலைமைக் காவலர். ஒரு வாரமாகச் சாப்பிடாத முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மீனுக்கும் அப்படித்தான் இருந்தது.

நீர்ஞானி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “காவலர்களோட தவத்துக்கு எல்லை கிடையாது! கண்ணாடியைத் தாண்டும்! சுவரைத் தாண்டும்! தெருவைத் தாண்டி உங்க வீட்டுக் கட்டிலுக்கே வரும்!”

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் என் மனைவி எழுந்தாள். கையில் அதே போன்ற ஓட்டைத் தகடு. முந்தைய நாளே மேடைத் தொட்டியின் அகலம் பார்த்து ஒன்று வெட்டி வைத்திருந்தாள்.

“ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். இல்ல இல்ல, சந்தேகம் இல்ல. ஒரு ஆசை” என்றாள் ரொம்பப் பணிவாக. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அவளுக்கு அந்தக் குரல் வரும். “சுவரைத் தாண்டுற தவம் இந்த ஓட்டைத் தகட்டைத் தாண்டாதா?”

நீர்ஞானியின் முகத்தில் வியர்வை. “அது வந்து... தவத்தை நாம சோதிக்கக் கூடாது...”

அவரை மாட்டிவிட்டது என் மனைவி இல்லை. அவருடைய பக்தர்கள்தான். “தாண்டும்!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். “ஏன் தாண்டாது? சுவரையே தாண்டுது!” என்றார் மருந்துக் கடைக்காரர் மனைவி. “போடச் சொல்லுங்க ஐயா! இந்தம்மாவுக்கு நல்லா உறைக்கட்டும்!” என்றார் அவருடைய மாமியார். அந்த இருவரும் ஒத்துப்போனதை ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தது.

அவள் தம்பியைப் பார்த்தாள். “டேய், எல்லார் முன்னாடியும் சொல்றேன். தகடு போட்டும் ‘வயிறு’ கரைஞ்சா நீ டயரைத் தூக்கு. நானே முதல்ல கைதட்டுறேன். கரையலைன்னா இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?”

“சம்மதம் அக்கா! நீ கைதட்டத் தயாரா இரு.”

தகடு இறங்கியது. ஒரு பக்கம் ஒன்பது குட்டிகள், மறுபக்கம் ஏழு விரதக்காரர்கள். கறுப்புத் துணி விழுந்தது. கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு “தெளிக, தெளிக” என்று ஓதத் தொடங்கியது. நீர்ஞானி மட்டும் கண்ணை மூடவில்லை. அவர் பார்வை வாசலில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து ‘தொபுக்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘தடால் தடால்’ என்று கண்ணாடியில் மோதல். தண்ணீர் தெறித்து முன்வரிசை நனைந்தது.

“தவம் உச்சத்துல இருக்கு!” என்று யாரோ அழுதார்கள்.

பிறகு அமைதி. மைத்துனன் டயரின் பக்கத்தில் போய் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

துணியை எடுத்தார்கள்.

இந்தப் பக்கம் ஒன்பது கஷ்டங்களும் வாலை ஆட்டிக்கொண்டு உற்சாகமாக நீந்தின. ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தப் பக்கம் ஏழு காவலர்களில் ஆறு பேர்தான் இருந்தார்கள். இல்லை, ஏழாமவரும் இருந்தார், பாதி. தலைமைக் காவலரின் வாய் கிழிந்துவிடும்போல விரிந்திருந்தது. அதிலிருந்து இன்னொரு காவலரின் வால் வெளியே நீட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியும் ஆடியது.



“ஐயா, விரதத்துல வால் மட்டும் விதிவிலக்கா?” என்றாள் என் மனைவி.

நீர்ஞானி மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். “அது... அது பாசம்! மூத்த காவலர் இளையவரைத் தழுவிக்கிறார்!”

“தொண்டையாலயா?”

முதலில் சிரித்தது மைத்துனன்தான். “அக்கா... சின்னவர்... முக்தி...” என்று தொட்டியைக் காட்டினான். அதற்கு மேல் பேச வரவில்லை. டாக்டர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அத்தனை சிரிப்பையும் அவன் அங்கேயே சிரித்துத் தீர்த்தான். கூடமும் சேர்ந்து சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று “ஐயோ” என்று இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட டயர்மேலேயே சாய்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

தொட்டி ஏற்றி வந்த வண்டி வாசலில் இருந்தது. நீர்ஞானி அதில்தான் கிளம்பத் தயாராக ஏறி உட்கார்ந்திருந்தார். என் மனைவி கதவைத் திறந்து, “இறங்குங்க” என்றாள். அவர் இறங்கினார். அந்தக் குரலுக்கு யாரும் இறங்குவார்கள். மைத்துனனைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். நீர்ஞானி பூட்ஸ் நிறையத் தொட்டித் தண்ணீரோடு ‘பச்சக் பச்சக்’ என்று தெருக்கோடி வரை ஓடியதாகச் சொன்னார்கள். பூட்ஸ் எதற்கு என்று அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது: ஓடத்தான்.

குடல் மாட்டிக்கொண்டிருந்தது. உடனே அறுத்துச் சரிசெய்தார்கள். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா...” என்று நிபுணர் ஆரம்பித்ததை அவள் முடிக்க விடவில்லை. “டயரைத் தூக்கியிருந்தா?” என்று கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதாள். மயக்கம் தெளிந்த தம்பி முதலில் கேட்டது, “அக்கா, அந்த வால் உள்ள போயிடுச்சா?” என்றுதான். அவள் அழுகையோடேயே அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அதன் பிறகு சில நாட்கள் மருத்துவமனையில் வாய் திறந்தவர்களைவிட வாளி தூக்கி வந்தவர்கள் அதிகம். “டாக்டர், இந்தக் காவலரை என்ன பண்றது?” அவள் சலிக்காமல் சொன்னாள். பெரிய தொட்டி இருந்தால் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதன் வாய்க்குள் நுழையும் எதையும் கூட விடாதீர்கள், இரை போடுங்கள், அழுக்கு சேரும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முடியாதவர்கள் என்னிடம் கொடுங்கள், மீன் காட்சிச்சாலையில் சேர்த்துவிடுகிறேன். “ஆத்துல விட்டுடட்டுமா?” என்று கேட்டவரிடம் மட்டும் குரல் உயர்ந்தது. “விடுங்க. அங்க இருக்கிற எல்லா மீனுக்கும் கஷ்டம் தீர்ந்துடும்.”

இவ்வளவும் நடந்து வெகுகாலம் ஆகிறது. ஊர் திருந்தியதா என்று கேட்காதீர்கள். அதே கூடத்தில் இப்போது ஒருவர் பேசும் செடி விற்கிறார்.

சென்ற ஆண்டு என் மனைவி போய்விட்டாள். மருத்துவமனையை மூடினோம். பெரிய டாக்டரை, தொட்டியோடு, எங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். துக்கம் கேட்க வந்த மருந்துக் கடைக்காரர் மனைவி, தொட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றார். மீன் குழாய்க்குள் அசையாமல் கிடந்தது. காலையில் நான் போட்ட இரை அப்படியே இருந்தது.

“பார்த்தீங்களா, அம்மா போன துக்கத்துல வாயே திறக்கல. அதுக்குத் தெரியுது. விரதம் இருக்கு” என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒரு நிமிடம் அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவளுக்காக என்னோடு சேர்ந்து இன்னோர் உயிரும் பட்டினி கிடக்கிறது என்றால் எத்தனை ஆறுதல்! அதற்காகவே நான் இரை போடுவதை நிறுத்தியிருக்கலாம். இப்படித்தான் எல்லாரும் வரிசையில் போய் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

அவர் போன பிறகு, பொழுது சாய்ந்ததும், கூடத்து விளக்கை அணைத்தேன். இரையை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். ‘தொபுக்’ என்று ஒரே கவ்வு. துக்கம் எனக்கு, அதற்குப் பசி.

இருட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவள் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

ஆகவே உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எவராவது உங்கள் கண்ணெதிரே ஒன்றைத் துணி போட்டு மூடி, “கண்ணை மூடிக்கொண்டு நம்பு” என்றால், தாராளமாக நம்புங்கள். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: துணிக்குள்ளே பசி யாருக்கு?